இலையில் எழுதும் ஈ

கண்ணெதிரே நிற்கும் பகைவனைக் கண்டுகொள்வது மனிதனுக்கு எளிது. கண்ணெதிரே நிற்கும் நண்பனைக் கண்டுகொள்வதோ அரிது. எள்ளளவேயான ஓர் ஈயும், அதனினும் சிறியதான ஒரு குளவியும், பள்ளிக்கூடம் செல்லும் எமது மகளும் சேர்ந்து இவ்வுண்மையை எமக்குக் கற்பித்தனர். அக்கல்விக்கு நாம் செலுத்திய தட்சணை, இல்லாளின் தங்கக் காப்பு இரண்டு. அக்கதையை இன்று வாசக நேயர்களுக்குக் கூற விழைகின்றோம்.

நாம் தொழிலால் ஆசிரியர். நுவரெலியாவுக்கு அண்மையில், குளிரும் மூடுபனியும் நீங்காத ஒரு சரிவில் எமது இல்லம் அமைந்துள்ளது. வீட்டுக்குப் பின்னாலுள்ள கால் ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கு பயிரிட்டால், மகளின் மேற்படிப்புக்கு ஒரு தொகை சேருமே என்னும் ஆசை எமக்கு எழுந்தது. ஆசைக்கு முதல் வேண்டுமன்றோ? விதைக்கிழங்கின் விலை எத்தகையது என்பதை மலைநாட்டார் அறிவர். காப்புகள் அடகுக்கடைக்குச் சென்றன. மாசி மாதத்தில் கிழங்கு நட்டோம். ஓரத்தில் வீட்டுக் கறிக்கென ஒரு வரிசை போஞ்சியும் இட்டோம். அடுக்களையின் பின்புறத்தில் இல்லாள் பூசைக்கென வளர்க்கும் செவ்வந்திப் பாத்தி முன்னமே இருந்தது. அது கதையின் பிற்பகுதியில் வரும்; அதுவரை அதனை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம்.

வெண்புள்ளியும் வெண்கோடும்

செடிகள் முழங்கால் உயரம் வளர்ந்த வேளையில், கீழிலைகளில் ஊசியாற் குத்தியவைபோன்ற வெண்புள்ளிகள் தோன்றின. சில நாட்களில் நரம்புகளை ஒட்டி வெண்கோடுகள் ஓடலாயின. எழுதப் பழகாத குழந்தை சிலேற்றிற் கிறுக்கியதுபோல அவை வளைந்தும் நெளிந்தும் சென்றன. பின்னர் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, இலை பழுப்பாகிக் கருகியது.

பட்டினத்திலுள்ள கடையொன்றில் இலையைக் காட்டினோம். கடைக்காரர் அதனைத் திருப்பியும் பாராமல் ஒரு போத்தலை எடுத்து வைத்தார். கிழமைக்கு ஒருமுறை அடித்தால் போதும் என்றார். அடித்தோம். கோடுகள் பெருகின. மீண்டும் சென்றோம். வேறொரு போத்தல் கிடைத்தது. இரண்டையும் கலந்து அடிக்குமாறு அறிவுரையும் கிடைத்தது. அதையும் செய்தோம். கோடுகள் மேலும் பெருகின. மருந்து போதவில்லை போலும் என்று எண்ணினோமேயன்றி, மருந்தே காரணமாயிருக்கக்கூடும் என்னும் எண்ணம் எமது நெஞ்சில் எழவேயில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இல்லாள் போஞ்சி பறித்துக் கறி சமைத்து இலையும் போட்டுவிட்டார். முதல் நாள் மாலைதான் அவ்வரிசையின்மீதும் மருந்தடித்திருந்தோம் என்பது அப்போதே எமக்கு நினைவு வந்தது. சொன்னோம். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் சட்டியை எடுத்துச் சென்று கறியைக் கொட்டிப் புதைத்துவிட்டு வந்தார். பின்னர் அமைதியாக, "பூச்சி தின்ற போஞ்சியைக் கழுவிச் சமைக்கலாம். நஞ்சு தின்ற போஞ்சியை என்ன செய்வது?" என்றார். அன்று சம்பலோடு சோறுண்டோம். எமக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

அறுவடையும் வந்தது. கிழங்குகள் பெரும்பாலும் நெல்லிக்காய்ப் பருமனே இருந்தன. போத்தல்களுக்குக் கொடுத்த பணத்தைக் கணக்கிட்டபோது, காப்புகள் இன்னும் சிறிது காலம் அடகுக்கடையிலேயே வாழவேண்டியவை என்பது தெளிவாயிற்று.

ஈயின் வாழ்க்கை வரலாறு

அவ்வேளையில் எமது மகள் பாடசாலைத் தேவைக்காகக் கைவில்லை ஒன்றை வைத்துக்கொண்டு கண்டதையெல்லாம் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுவடைக்குப் பின் தங்கியிருந்த சில செடிகளின் இலையொன்றைக் கதிரவனை நோக்கிப் பிடித்தவள், "அப்பா, இந்தக் கோட்டின் முடிவில் ஏதோ ஒன்று அசைகிறது!" என்று கூவினாள். பார்த்தோம். இலையின் மேற்றோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையில், மஞ்சள் நிறத்ததாய், காலும் தலையும் இல்லாத ஒரு சிறு குடம்பி படுத்திருந்தது. அதன் வாயிலுள்ள கரிய கொக்கி இடமும் வலமுமாய் ஆடி, இலையின் பச்சை விழையத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அரிவாள் வீசி நெல்லறுக்கும் உழவனின் கை எமக்கு நினைவு வந்தது.

இது இலைச் சுரங்க ஈ எனப்படும் பூச்சியின் பிள்ளைப் பருவமாகும். விஞ்ஞானிகள் இதற்கு இட்ட பெயர் லிரியோமைசா ஹுயிடோபிரென்சிஸ். பெயரின் நீளத்துக்கும் உடலின் நீளத்துக்கும் யாதொரு பொருத்தமும் இல்லை. வளர்ந்த ஈயின் நீளம் 2 மில்லிமீற்றர் அளவே. கரிய உடல், முதுகின் பின்புறத்தில் மஞ்சட் பொட்டு. இதுதான் அதன் தோற்றம்.

பெண் ஈ தனது முட்டையிடும் உறுப்பினால் இலையைத் துளைக்கின்றது. நாம் கண்ட வெண்புள்ளிகள் அவையே. எல்லாத் துளைகளிலும் அது முட்டையிடுவதில்லை. பெரும்பாலானவற்றில் ஊறும் சாற்றை அருந்திவிட்டுச் செல்கின்றது. ஆண் ஈக்குத் துளைக்கும் கருவி கிடையாது. ஆகவே அது பெண் ஈ தோண்டிய துளைகளை நாடிச் சென்று பசியாறுகின்றது. மனைவியின் உழைப்பில் உண்ணும் கணவர் ஈக்களின் குலத்திலும் உளர் என இல்லாள் இதனைக் கேட்டுச் சிரித்தார். நாமும் சிரித்தோம், காப்புகளை எண்ணி உடனே நிறுத்திக்கொண்டோம்.

முட்டை சில நாட்களில் பொரிக்கின்றது. குடம்பி இலைக்குள்ளேயே தின்று, மும்முறை பருவம் மாறி வளர்கின்றது. அது வளர வளரச் சுரங்கமும் அகல்கின்றது. அதனாற்றான் கோடு தொடக்கத்தில் நூல்போலவும் முடிவில் நாடாபோலவும் தோன்றுகின்றது. சுரங்கத்தின் இருமருங்கிலும் மாறிமாறித் தெரியும் கரிய இழை அதன் எச்சமாகும். வளர்ச்சி முற்றியதும் இலைத்தோலை அரைவட்டமாய்க் கீறி வெளியேறி, பெரும்பாலும் மண்ணில் விழுந்து, அங்கே கூட்டுப்புழுவாகின்றது. பின்பு ஈயாகி எழுகின்றது. வெப்பமான இடங்களில் இச்சுற்று இரண்டு மூன்று கிழமைகளில் முடியும். குளிர்ந்த எமது மலையில் அதனினும் நாட்செல்லும். கூட்டிலிருந்து வெளிவந்த ஓரிரு நாட்களிலேயே அடுத்த தலைமுறைக்கான துளைகள் விழத் தொடங்கிவிடும்.

இங்கே ஒன்றை நேயர்கள் ஊன்றி நோக்க வேண்டும். குடம்பி வாழ்வது இலைக்குள். நாம் மருந்தடித்தது இலைக்கு வெளியே. இலையின் மேற்பரப்பில் நிற்கும் சாதாரண மருந்து, இரண்டு தோல்களுக்கிடையே பாதுகாப்பாயிருக்கும் குடம்பியை எளிதில் எட்டுவதில்லை. கோட்டைக்குள் இருப்பவனைக் கொல்லவெண்ணிக் கோட்டைச் சுவருக்கு நஞ்சு பூசிய கதையாயிற்று எமது கதை.

ஒரு வீட்டு விருந்தினரும் ஊர் விருந்தினரும்

இவ்வீ சேர்ந்த குடும்பத்தை அக்ரோமைசிடே என்பர். உலகில் ஏறத்தாழ 3000 இனங்கள் இக்குடும்பத்தில் அறியப்பட்டுள்ளன. இவற்றுட் பெரும்பாலானவை மிகுந்த ஒழுக்கமுள்ளவை. ஓரினம் ஒரு செடியிலோ, அச்செடியின் நெருங்கிய உறவுகளிலோ மட்டுமே வாழும். வேறு செடியைத் தீண்டாது. ஆங்கிலேய அறிஞர் கெனத் ஸ்பென்சர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை இவ்வீக்களை ஆராய்வதிற் செலவிட்டவர். எந்த ஈ எந்தச் செடியில் வாழ்கின்றது என்பதையே பொருளாகக் கொண்டு அவர் எழுதிய பெருநூல் 1990 இல் வெளிவந்தது.

பூச்சிக்கு உணவும் உறைவிடமும் தரும் செடியை எமது பாடநூல்கள் விருந்துவழங்கி என்னும். அழகிய சொல். ஒரே வீட்டில் உண்ணும் விருந்தினரால் அவ்வீட்டுக்குத் தொல்லை நேரலாம், ஊருக்குத் தொல்லையில்லை. ஆனால் எந்த வீட்டுக் கதவு திறந்திருந்தாலும் நுழைந்து பந்தியில் அமரும் விருந்தினரும் ஒருசிலர் இருப்பரன்றோ? எமது ஈ அவ்வகையினது. உருளைக்கிழங்கு, தக்காளி, போஞ்சி, பட்டாணி, செலரி, சலாது, பீட்றூட், வெங்காயம், செவ்வந்தி என அதன் விருந்துவழங்கிகள் ஒன்றுக்கொன்று உறவில்லாத பல குடும்பங்களைச் சேர்ந்தவை. லிரியோமைசா டிரைபோலியை, லிரியோமைசா சடைவே என்னும் அதன் உறவினங்கள் இரண்டும் இத்தகையனவே. குடும்பத்தில் இவ்வாறு எதையும் உண்பவை கைவிரல் அளவினவே; குடும்பத்துக்குக் கெட்ட பெயர் தேடித் தந்தவையும் பெரும்பாலும் அவையே.

போஞ்சி, கௌபி, பயறு ஆகிய அவரைக் குடும்பச் செடிகளை மட்டும் தாக்கும் போஞ்சி ஈயும் இக்குடும்பத்ததே. அதன் குடம்பி இலையிலிருந்து காம்பு வழியாகத் தண்டுக்குள் இறங்கி, இளஞ்செடியையே மடியச்செய்யும். பல செடி தின்பதைவிட ஒரு செடியை ஆழமாகத் தின்பதும் கொடிதாகலாம் என்பதற்கு அது சான்று.

கடல் கடந்த உறவு

எமது கிழங்கைத் தின்ற ஈயின் தாயகம் தென் அமெரிக்கா. 1926 இல் பிளான்சார்ட் என்னும் பூச்சியியலாளர், ஆர்ஜென்டீனாவில் சினராரியா என்னும் பூஞ்செடியிலிருந்து பெற்ற ஈக்களைக் கொண்டு இதனை முதன்முதலில் விவரித்தார். உருளைக்கிழங்கின் தாயகமும் தென் அமெரிக்க மலைகளே. கிழங்கு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கப்பலேறி உலகெங்கும் பரவியது. ஈ அக்காலத்தில் அதனைப் பின்தொடரவில்லை. பூக்களும் நாற்றுகளும் நாடுவிட்டு நாடு விரைந்து செல்லும் எமது காலத்திலேதான் அதற்கு வழி பிறந்தது. இலைக்குள் ஒளிந்திருக்கும் முட்டையை எந்தச் சுங்க அதிகாரியின் கண் காணும்? 1987 இல் நெதர்லாந்திற் காணப்பட்டது. 1994 இல் இந்தோனேசியாவின் கிழங்குத் தோட்டங்களிற் காணப்பட்டது. அதே பத்தாண்டு முடிவதற்குள் எமது மலைநாட்டையும் அடைந்துவிட்டது. சமவெளியின் வெப்பத்தைவிட மலையின் குளிர் இதற்கு உகந்தது. பிரிந்த கிழங்கும் ஈயும் பாதி உலகைக் கடந்து எமது கால் ஏக்கரில் மீண்டும் சந்தித்தன என்று எண்ணும்போது, கோபத்தினூடே ஒரு வியப்பும் எழவே செய்கின்றது.

ஆனால் தாயகத்தில் இவ்வீயுடன் அதன் பகைவரும் வாழ்ந்தனரே. புதிய நாட்டில் அதனைத் தட்டிக்கேட்பார் எவரும் இல்லையா? இவ்வினாவுக்கு விடை எமது வீட்டு ஜாம் போத்தலில் இருந்தது.

இரண்டு போத்தல்கள்

மகள் கோடு விழுந்த கிழங்கு இலைகளைப் பறித்து ஒரு ஜாம் போத்தலில் இட்டு, வாயை மெல்லிய துணியாற் கட்டினாள். ஈ வெளிவருவதைக் காணவேண்டும் என்பது அவள் ஆவல். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு செடியும் வேண்டுமென ஆசிரியை கூறியிருந்தாராம். அடுக்களைக்குப் பின்னாலிருந்த செவ்வந்தி இலைகளிலும் அதே கோடுகள் இருந்தன. அவற்றை இன்னொரு போத்தலில் இட்டாள். உண்மையைச் சொல்வதானால், அச்செவ்வந்திப் பாத்தியே ஈயின் பிறப்பிடம் என்று கருதி, அதனைப் பிடுங்கி எறிந்துவிட நாம் நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். பூசைக்குரிய பூ என்பதால் இல்லாள் அதன்மீது ஒருநாளும் மருந்தடிக்க விட்டதில்லை.

மூன்று கிழமைகள் சென்றன. கிழங்கு இலைப் போத்தலில் இருபதுக்கு மேற்பட்ட ஈக்கள் இருந்தன. அவற்றோடு பளபளக்கும் கருநீல நிறத்தில், ஈயினும் சிறியதாக ஒரேயொரு பூச்சி. செவ்வந்திப் போத்தலை எடுத்தோம். அங்கே ஈக்கள் பத்துக்கும் குறைவு. பளபளக்கும் அச்சிறு பூச்சிகளோ அவற்றைவிட அதிகம்! கைவில்லையாற் பார்த்தபோது நான்கு சிறகுகள் தெரிந்தன. அவை குளவிகள். கொட்டத் தெரியாத, கூடு கட்டாத ஒட்டுண்ணிக் குளவிகள்.

இக்குளவிகளின் செயலை அறிந்தபோது எமது மெய் சிலிர்த்தது. இவற்றுட் சில, இலையின் மேல் நடந்து, உள்ளே கிடக்கும் குடம்பியை உணர்ந்து, தோலினூடாக ஊசிபோன்ற உறுப்பைச் செலுத்தி அதனைச் செயலிழக்கச்செய்து, அதன் அருகே முட்டையிடுகின்றன. பொரிக்கும் குளவிக் குஞ்சு ஈயின் குடம்பியைத் தின்று வளர்கின்றது. ஐரோப்பாவில் பெயர்பெற்ற டிக்ளிபஸ் ஐசியா என்னும் குளவி, குடம்பியை உண்டு முடித்தபின் அதே சுரங்கத்திற் கூட்டுப்புழுவாவதற்கு முன், தன் எச்சத்தினால் சிறு தூண்கள் எழுப்பிச் சுரங்கத்தின் கூரை இடியாதவாறு முட்டுக்கொடுக்கின்றது! அந்நாட்டுக் கண்ணாடிவீட்டுத் தோட்டக்காரர் இக்குளவிகளை விலைகொடுத்து வாங்கிச் செடிகளிடையே விடுகின்றனர். நாமோ இலவசமாய் வந்த குளவிகளை விலைகொடுத்துக் கொன்றிருந்தோம்.

ஆம், நேயர்களே. இலைக்குள் இருந்த ஈயின் பிள்ளை பிழைத்தது. இலைமீது நடந்த குளவி மடிந்தது. கள்வனைப் பிடிக்க வந்த காவற்காரனைக் கட்டிவைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தோம். ஈ பெருகாமல் என் செய்யும்?

இப்பிழையைச் செய்தவர் நாம் மட்டுமல்லர் என்பது ஓர் ஆறுதல். பெரு நாட்டின் கரையோரத்தில் கான்யேத்தே என்னும் பள்ளத்தாக்கு உண்டு. 1940களின் இறுதியில் அங்குள்ள பருத்தி உழவர் புதிய பீடைநாசினிகளைப் பெருமளவிற் பயன்படுத்தலாயினர். முதற் சில ஆண்டுகள் விளைச்சல் உயர்ந்தது. பின்னர் பூச்சிகள் நஞ்சுக்குப் பழகின. அவற்றைத் தின்னும் நற்பூச்சிகள் அழிந்தன. 1956 அளவில் பயிர் பெருவீழ்ச்சி கண்டது. அதே பள்ளத்தாக்கில் பிற்காலத்தில் உருளைக்கிழங்குக்கு மருந்து மிகுதியாக அடிக்கப்பட்டபோது, தலைதூக்கிய பெரும் பகை எமது இந்த ஈயே. அமெரிக்காவின் புளோரிடாவிலோ, லிரியோமைசா டிரைபோலியைக்கு எதிராக வந்த மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சில ஆண்டுகளுள் வலுவிழந்தன.

ஒரு கிழமைப் பொறுமை

மறுபோகம் வந்தது. குத்தகையைக் கைவிடுவதா, இன்னொருமுறை துணிவதா என வீட்டில் ஆராய்ந்தோம். துணிந்தோம். கருகல் நோய் வேறு வகையானது. அதற்குரிய மருந்தை உரிய அளவில் அடித்தோம். ஈக்கு எதிராக எதையும் அடிப்பதில்லை என்று தீர்மானித்தோம். மாறாக, மஞ்சள் வண்ணம் பூசிய பலகைகளில் கிறீசு தடவி வரிசைகளினிடையே கொண்டு நடந்தோம். மஞ்சளை நாடிவரும் ஈ அதில் ஒட்டிக்கொள்ளும். லீமா நகரில் 1971 இல் நிறுவப்பட்ட சர்வதேச உருளைக்கிழங்கு நிலையத்தார் கான்யேத்தே உழவருடன் கையாண்ட முறை இது.

செடி பூக்கும் பருவத்தில் கீழிலைகளில் மீண்டும் கோடுகள் விழுந்தன. அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் பரணிலிருந்து மருந்தடிக்கும் கருவியை இறக்கினோம். அதன் வாரைத் தோளில் மாட்டும் வேளையில் மகள் வந்து வழியில் நின்றாள். "அப்பா, இன்னும் ஒரு கிழமை பொறுங்கள். நான் இலை பறித்து எண்ணிச் சொல்கிறேன்" என்றாள். இல்லாள் வாயிற்படியில் நின்று எம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு காப்புகள் இல்லாத கைகள். அவர் நினைத்திருந்தால் "அடியுங்கள்" என்று கூறியிருக்கலாம். "பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்" என்றார். கருவியை இறக்கி வைத்தோம்.

அந்த ஒரு கிழமை ஓராண்டுபோற் கழிந்தது. மகள் நாள்தோறும் இலைகளைக் கதிரவனை நோக்கிப் பிடித்துப் பார்த்தாள். அசையும் மஞ்சட் குடம்பிக்கு ஒரு குறி. அசையாது பழுப்பாய்க் கிடக்கும் குடம்பிக்கு இன்னொரு குறி. கிழமை முடிவில் இரண்டாம் வரிசைக் குறிகள் முதல் வரிசையைத் தாண்டிவிட்டன. மேலிலைகள் பசுமையாகவே நின்றன. கோடு விழுந்த கீழிலைகள் எவ்வாறாயினும் முதிர்ந்து உதிரவேண்டியவையே என்பதும் அப்போதுதான் எமக்கு விளங்கிற்று.

அவ்வறுவடை ஊரார் வியக்கும் அறுவடையன்று. ஆயினும் கிழங்கு கிழங்காக இருந்தது. போத்தற் செலவு பெரும்பாலும் இல்லாதிருந்தது. ஒரு காப்பு வீடு திரும்பியது. மற்றையது இன்னும் அடகில் உள்ளது. அடுத்த போகம் அதனையும் மீட்கும் என நம்பியிருக்கின்றோம்.

எல்லா வேளையிலும் மருந்து வேண்டாம் என்று கூற நாம் முற்படவில்லை. இளஞ்செடி முழுவதும் தாக்குண்டு, குளவியும் இல்லாதபோது, விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு, இலைக்குள் சென்று ஈயின் குடம்பியை எட்டக்கூடிய மருந்தை அளவறிந்து அடிக்க வேண்டியும் நேரலாம். மாணவர்களுக்கு நாம் கூறுவது இதுவே: கோடு விழுந்த இலையொன்றைக் கண்டால் அதனை ஒளியிற் பிடித்துப் பாருங்கள். போத்தலொன்றில் இட்டு மூன்று கிழமை காத்திருங்கள். யார் வெளிவருகிறார் என்று எண்ணிய பின்னரே தீர்ப்புக் கூறுங்கள்.

செவ்வந்திப் பாத்தியை நாம் பிடுங்கவில்லை. அதன் இலைகளில் இன்றும் வெண்கோடுகள் உள்ளன. வெள்ளிதோறும் இல்லாள் பூப்பறிக்கும்போது, கோடு விழுந்த இலைகளை உதறிவிடாமல் செடியிலேயே விட்டுவருகின்றார். கேட்டால், "உள்ளே யார் இருக்கிறார்களோ?" என்கிறார்.